ஆம்பூர் தோல் கடைக்கு எந்த மெயில் சேவை? 2,100 முகவரிகள், மூன்று வகை ஆட்கள்

ஆம்பூர்_பெல்ட்:

வணக்கம். ஆம்பூரில் பெல்ட், பர்ஸ், லேப்டாப் பை செய்து விற்கிறோம். சின்ன யூனிட்தான். சொந்த இணையதளம் இருக்கிறது. இதுவரை ஜிமெயிலில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) போட்டுத்தான் ஆஃபர் அனுப்பி வந்தோம். ஒரு நாளைக்கு 500 பேரைத் தாண்டினால் ஜிமெயில் நிறுத்திவிடுகிறது. முறையான சேவை ஒன்று எடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

கையில் இருப்பது இதுதான்: இணையதளத்தில் வாங்கியவர்கள் 1,400 பேர். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்கள், கம்பெனிகள், வெளிநாட்டு பையர்கள் எல்லாம் சேர்த்து 250. அப்புறம் நந்தம்பாக்கம் தோல் கண்காட்சியில் வருஷா வருஷம் சேர்ந்த விசிட்டிங் கார்டுகள் 450.

மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ கேம்பெயின்ஸ் மூன்றின் பக்கங்களையும் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். எதை எடுக்கலாம்?

குடியாத்தம்_லுங்கி:

கேட்டதற்கு நேர் பதில் இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். மெயிலுக்கு எதற்குக் காசு? எங்கள் லுங்கி வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. தறியிலிருந்து புது டிசைன் இறங்கினால் போட்டோ போடுவேன். சாயங்காலத்துக்குள் ஆந்திரா பார்ட்டி, கேரளா பார்ட்டி எல்லாம் எத்தனை பீஸ் என்று சொல்லிவிடுவார்கள். மெயில் பார்த்து ஆர்டர் கொடுக்கிற ஆளை எங்கள் லைனில் நான் இன்னும் பார்க்கவில்லை.

வெயிலூர்க்காரன்:

மெயில் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் அண்ணே. பாஸ்வேர்டு மறந்துபோகும்போது மட்டும்.

ஆம்பூர்_பெல்ட்:

உள்ளூர் ஆட்களுக்கு வாட்ஸ்அப் நானும் வைத்திருக்கிறேன் அண்ணே. ஆனால் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதுவும் என் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பின் கட்டணச் சேவையான பிசினஸ் ஏபிஐ எடுக்க வேண்டும், விளம்பர மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் காசு. எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு (வணிக எஸ்எம்எஸ் அனுப்ப டெலிகாம் கம்பெனியிடம் செய்யும் பதிவு), டெம்ப்ளேட் அனுமதி என்று வேறு அலைச்சல்.

பெங்களூரு கம்பெனிகள் தீபாவளிப் பரிசுக்கு லேப்டாப் பை எடுக்கும்போது பர்ச்சேஸ் ஆள் மெயிலில்தான் கொட்டேஷன் கேட்கிறார். ஜெர்மனி, இத்தாலி பையர்களும் அப்படியே. அவர்களிடம் மெயிலில்தான் போயாக வேண்டும்.

ஆரணி_பட்டு:

தம்பி, எந்தக் கம்பெனி என்று பார்க்கும் முன் பில் எந்தக் கணக்கில் வருகிறது என்று பாருங்கள். பட்டியலில் எத்தனை பேர் என்று பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. எத்தனை மெயில் போனது என்று பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. நம்மைப் போன்ற ஆட்களுக்கு வித்தியாசம் முழுக்க இதில்தான்.

நாங்கள் பட்டுப்புடவை. பொங்கல், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்த மாதங்களில் ஒன்றிரண்டு. இடையில் வாயே திறப்பதில்லை. ஆள் கணக்கில் பில் வந்தால், ஒரு மெயில்கூடப் போகாத மார்கழிக்கும் புரட்டாசிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

மெயில்சிம்ப் ஆள் கணக்குதான். அதில் ஒரு சங்கதி நிறைய பேருக்குத் தெரியாது: 'இனி அனுப்பாதே' என்று விலகிப்போனவரும் உங்கள் ஆள் கணக்கில்தான் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து ஆர்க்கைவ் செய்தால்தான் (ஒதுக்கி வைத்தால்தான்) கணக்கிலிருந்து இறங்குவார். ஒரே ஆளை இரண்டு ஆடியன்ஸில் (தனித்தனிப் பட்டியலில்) வைத்தால் இரண்டு ஆளாக எண்ணப்படுவார். இலவசத் திட்டம் ஒரு காலத்தில் 2,000 பேர் வரைக்கும் தாராளமாக இருந்தது. 2021-இல் இன்ட்யூட் சுமார் 1,200 கோடி டாலருக்கு அதை வாங்கிய பிறகு வெட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். யூடியூபில் நாலு வருஷம் பழைய வீடியோவைப் பார்த்து 'இலவசம்' என்று நம்பிப் போகாதீர்கள்.

பிரெவோ (முன்பு சென்டின்புளூ என்று இருந்ததே, அதுதான், 2023-இல் பெயர் மாற்றிக்கொண்டார்கள்) மெயில் கணக்கு. இலவசத்தில் ஒரு நாளைக்கு 300 மெயில். மெயிலின் அடியில் அவர்கள் முத்திரை இருக்கும். உங்கள் 250 பையர்களுக்கு இலவசத்திலேயே ஒரே நாளில் போய்விடும். 1,400 பேருக்கு என்றால் பட்டியலைப் பிரித்து ஐந்து நாள் அனுப்ப வேண்டும். தீபாவளி மாதம் மட்டும் கட்டணத் திட்டம் எடுத்துவிட்டுப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். விலையை இங்கே யாரும் சொல்ல வேண்டாம், அவர்கள் பக்கத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

ஜோஹோ நம் ஊர்க் கம்பெனி, ரூபாயில் பில். கணக்கு வழக்குக்கு அது பெரிய நிம்மதி. ஆடிட்டர் சார் வந்து சொல்வார்.

காட்பாடி_கணினி:

யாரும் சொல்லவில்லையே: லிஸ்ட்மங்க் + அமேசான் எஸ்இஎஸ். லிஸ்ட்மங்க் பட்டியலை வைத்து மெயில் அனுப்பும் இலவச மென்பொருள், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதியது. சின்ன சர்வரே போதும், பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எஸ்இஎஸ் என்பது அமேசானின் மெயில் அனுப்பும் சேவை, அதில் ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட். உங்கள் 2,100 பேருக்கும் ஒரு முறை அனுப்ப 21 சென்ட். மாதம் நாலு தடவை அனுப்பினாலும் டீக்காசு. ஆட்களின் தகவலும் உங்கள் சர்வரிலேயே இருக்கும்.

ஆரணி_பட்டு:

தீபாவளிக்கு முந்தின வாரம் சர்வர் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? நீங்கள் காட்பாடியிலிருந்து வருவீர்களா?

காட்பாடி_கணினி:

பிரியாணி வாங்கித் தந்தால் ஆம்பூருக்கு வருவேன் அக்கா. ஆரணிக்கு யோசிக்க வேண்டும்.

சரி, நியாயமாகச் சொல்ல வேண்டியது: எஸ்இஎஸ் கணக்கு திறந்தவுடன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. முதலில் சாண்ட்பாக்ஸில் (சோதனை நிலையில்) வைப்பார்கள். 24 மணி நேரத்தில் 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். யாருக்கு அனுப்புகிறீர்கள், முகவரி எப்படிக் கிடைத்தது, பவுன்ஸ் (போய்ச் சேராமல் திரும்பும் மெயில்) வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கேட்டால்தான் கதவைத் திறப்பார்கள். பவுன்ஸ் 5 சதவீதம் போனால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பார்கள், 10 சதவீதம் போனால் நிறுத்தியே வைக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கடையில் இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் கருத்தும்.

குடியாத்தம்_லுங்கி:

ஒரு ஆஃபர் அனுப்ப இவ்வளவு கேள்வியா? போலீஸ் வெரிஃபிகேஷன் தேவலை.

விஷாரம்_ஏற்றுமதி:

எல்லோரும் சேவையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கேட்பது வேறு. ஆம்பூர் பாய், உங்கள் கொட்டேஷன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எந்த முகவரியிலிருந்து போகின்றன? கடையின் சொந்த டொமைனில், அதாவது உங்கள் இணையதளப் பெயரில்தானே? அதே டொமைனிலிருந்து ஆஃபர் மெயிலையும் அனுப்பப் போகிறீர்களா?

எங்கள் லைனில் நடந்தது ஒன்று. தெரிந்த யூனிட், பெயர் வேண்டாம். மொத்தமாக மெயில் அனுப்பித் தருகிறோம் என்று ஒரு ஏஜென்சி வந்தது. இவர்கள் டொமைனிலிருந்தே எங்கிருந்தோ வாங்கிய பட்டியலுக்கு ஆயிரக்கணக்கில் தள்ளியது. அதிலிருந்து ஓர் ஆர்டரும் வரவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்கள் இவர்கள் அனுப்பிய ஷிப்பிங் பேப்பர்கள் பையரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்தன. சரக்கு சென்னைத் துறைமுகத்தில், டாக்குமென்ட் மெயில் கிடைக்கவில்லை என்று பையர் அங்கிருந்து கத்துகிறார், இவர் இங்கிருந்து 'அனுப்பிவிட்டேன் சார்' என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். மெயில் சேவைக்கு மாதம் எவ்வளவு என்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) மூன்றும் டொமைனில் இருக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். 'இது ஸ்பேம்' என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் முழு விதியும். ஆனால் வடிகட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் 1,400 பேருக்குக் கணக்குப் போடுங்கள்: நாலு பேர் அந்தப் பொத்தானை அழுத்தினால் விளிம்பில் நிற்கிறீர்கள். நாலே பேர்!

அதனால் ஆஃபருக்கு ஒரு துணை டொமைன் வையுங்கள். கடையின் டொமைனுக்கு முன்னால் 'நியூஸ்' என்றோ 'ஆஃபர்' என்றோ சேர்த்து, விளம்பரம் எல்லாம் அதிலிருந்து மட்டும் போகட்டும். இன்வாய்ஸ் போகிற முகவரியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துணை டொமைன் கெட்டால் தாய் டொமைனுக்குக் கொஞ்சமும் பாதிப்பு வராது என்று சொல்ல மாட்டேன், ஓரளவு வரும். ஆனால் சேதம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். உங்களைப் போல மொத்த வியாபாரமும் சில்லறையும் ஒரே கடையில் நடத்துகிறவர்கள் முதலில் முடிக்க வேண்டிய வேலை இது. பிரெவோவா ஜோஹோவா என்பதை அதற்குப் பிறகு சீட்டுப் போட்டுக்கூடத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆம்பூர்_பெல்ட்:

பாய், இதை இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லை. எங்கள் இன்வாய்ஸும் அதே டொமைன்தான்.

அப்போது அந்த 450 கார்டு? அவர்களே கையில் கொடுத்த கார்டுதானே.

குடியாத்தம்_லுங்கி:

கொடுத்தது எதற்கு? தொடர்பு கொள்ளத்தானே. அனுப்புங்கள். கார்டைக் கொடுத்துவிட்டு 'எனக்கு ஏன் எழுதினாய்' என்று எந்த வியாபாரியும் கேட்க மாட்டான்.

விஷாரம்_ஏற்றுமதி:

எழுதுவதை யார் வேண்டாம் என்றது? ஒருத்தருக்கு எழுதுவது வேறு, 450 பேரைப் பட்டியலில் ஏற்றி மாதாமாதம் ஆஃபர் அனுப்புவது வேறு. ஜெர்மனியில் கம்பெனிக்கு அனுப்பும் விளம்பர மெயிலுக்கும் முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும். அங்கே போட்டிக் கம்பெனியே வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். உங்களுக்கு ஜெர்மன் பையர் இருக்கிறார் என்றீர்களே.

காட்பாடி_கணினி:

சட்டத்தை விடுங்கள், நடைமுறையாகவே ஆபத்து. மூன்று நாலு வருஷம் பழைய கார்டில் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். 450-இல் 60 முகவரி செத்திருந்தால் மொத்த 2,100-க்கு அது கிட்டத்தட்ட 3 சதவீத பவுன்ஸ். முதல் அனுப்பிலேயே அப்படி வந்தால் எந்தச் சேவையும் உங்கள் கணக்கைச் சந்தேகமாகத்தான் பார்க்கும். கார்டுகளைத் தனியாக அனுப்பினால் 13 சதவீதம், கணக்கு அன்றைக்கே முடங்கலாம்.

குடியாத்தம்_லுங்கி:

இவ்வளவு பயந்தால் வியாபாரம் செய்ய முடியாது தம்பி.

ஆரணி_பட்டு:

பயமில்லை அண்ணா, கார்டை வீணாக்காத வழி. போன கண்காட்சியில் வாங்கிய கார்டுகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் உங்கள் சாதாரண முகவரியிலிருந்து தனித்தனியாக நாலு வரி: எங்கே சந்தித்தோம், அவர் எதைப் பார்த்தார், சாம்பிள் அனுப்பட்டுமா, புது டிசைன் வரும்போது மெயில் போடலாமா. 'போடுங்கள்' என்று சொன்னவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று பொறுமையாக எழுதலாம். மற்றவை கார்டு டப்பாவிலேயே இருக்கட்டும்.

வெயிலூர்க்காரன்:

இந்த வெயிலில் நாளைக்குப் பத்து மெயிலா? ஏசி உள்ள யூனிட் போல.

சத்துவாச்சாரி_ஆடிட்டர்:

தாமதமாக வந்தேன், ரிட்டர்ன் வேலை. காசு பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சேவை எடுத்தால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதிந்துவிடுங்கள். அப்போது அவர்கள் வரி போடாமல் பில் கொடுப்பார்கள். 18 சதவீதத்தை நீங்களே ஆர்சிஎம் முறையில் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரி கட்டுவது) ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னில் காட்டி ரொக்கமாகக் கட்ட வேண்டும், பிறகு கட்டிய வரிக்குக் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். கையிலிருந்து போவது ஒன்றுமில்லை, ஆனால் மறந்தால் நோட்டீஸ் வரும். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருக்கிறவர்களுக்குக் கிரெடிட் கிடையாது, அந்த 18 சதவீதம் அப்படியே செலவு. ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்களிடம் வெளிநாட்டுக் கம்பெனியே வரி சேர்த்து வாங்கும். ஜோஹோ மாதிரி இங்கே பில் போடுகிறவர்கள் என்றால் பில் நேராக உங்கள் ஜிஎஸ்டி 2பி அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும், என் வேலையும் குறையும்.

டாலர் பில்லுக்கு பேங்க் மார்க்கப் (நாணய மாற்றுக் கட்டணம்) தனி. அப்புறம், ரிசர்வ் பேங்க் விதி 2021 அக்டோபரில் வந்த பிறகு மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு கார்டில் இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க நீங்கள் தரும் முன் அனுமதி) பதிவாக வேண்டும். பதிவாகவில்லையென்றால் பணம் போகாது, சேவை நின்றுவிடும். ஒரு கிளையன்டுக்கு சீசன் நேரத்தில் அப்படி நின்றது. மேண்டேட் பதிவானதா என்று எடுத்த அன்றே பாருங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. இணையதளத்தில் 'ஆஃபர் மெயில் வேண்டும்' என்ற பெட்டியை நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். வாங்குகிறவர் போடட்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ஆம்பூர்_பெல்ட்:

நன்றி சார். ரெகுலர் ஜிஎஸ்டிதான், அதனால் கிரெடிட் உண்டு.

காட்பாடி தம்பி, இந்த எஸ்பிஎஃப் சமாச்சாரம் நானே செய்ய முடியுமா, ஆள் வேண்டுமா?

காட்பாடி_கணினி:

நீங்களே செய்யலாம். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கம் (டொமைனின் பதிவுகள் இருக்கும் இடம்) இருக்கும். சேவை கொடுக்கும் வரிகளை அதில் ஒட்டுவதுதான் வேலை, ஒரு டீ குடிக்கும் நேரம்.

ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் விழுகிறார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். உங்கள் சாதாரண மெயிலுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கும். புதுச் சேவை இன்னொன்று கேட்டால் தனியாக இரண்டாவது வரி போடாதீர்கள், பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. விஷாரம் பாய் சொன்ன மாதிரி துணை டொமைன் வைத்தால் அதற்குத் தனிப் பதிவு, இந்தக் குழப்பமே வராது. டிகேஐஎம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், பிரச்சினையில்லை. டிமார்க்கை முதலில் 'நன்' (தேறாத மெயிலையும் தடுக்காதே) என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

அனுப்புநர் முகவரியாக ஜிமெயில் முகவரியை மட்டும் வைக்க வேண்டாம். வேறு சேவை வழியாக ஜிமெயில் பெயரில் போகிற மெயில் டிமார்க் சோதனையில் தேறாது.

டிசைன் பற்றியும் ஒன்று. நிறைய கடைகள் நோட்டீஸை போட்டோஷாப்பில் செய்து ஒரே படமாக மெயிலில் போடுகின்றன. படம் திறக்காத இடத்தில் வெள்ளைத்தாள்தான் தெரியும். விலை, டெலிவரி, போன் நம்பர் எழுத்தாக இருக்கட்டும். மெயிலின் எச்டிஎம்எல் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். விலகும் இணைப்பு அந்த வாலில்தான் இருக்கும், அது தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார்.

ஆரணி_பட்டு:

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயிலில் புது ஏற்பாடு வந்ததிலிருந்து, ஆள் பார்க்காமலேயே 'திறந்தார்' என்று பதிவாகிறது. யார் இணைப்பை அழுத்தினார்கள், யார் பதில் போட்டார்கள், எத்தனை ஆர்டர் என்று பாருங்கள்.

விஷாரம்_ஏற்றுமதி:

என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெறும் தள்ளுபடி மெயிலுக்குத்தான் ஸ்பேம் புகார் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பையில் பூஞ்சை பிடிக்கும். துடைப்பது எப்படி, எங்கே உலர்த்துவது, பிளாஸ்டிக் கவரில் ஏன் கட்டிவைக்கக் கூடாது என்று அக்டோபர் தொடக்கத்தில் உங்கள் 1,400 பேருக்கும் ஒரு மெயில் போடுங்கள். பூஞ்சை பிடித்த பெல்ட்டோடு உங்களுக்குப் போன் செய்கிறவர்கள் இருப்பார்கள்தானே, அவர்கள் கேட்கும் கேள்விகளே விஷயம்.

பையர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு லீட் டைம் (ஆர்டரிலிருந்து சரக்கு வர ஆகும் நாள்), புது ஆர்ட்டிகிள், டெஸ்ட் ரிப்போர்ட். ஐரோப்பாவில் தோலில் 'குரோமியம்-6' என்ற நச்சு வகை, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்ற விதி 2015 முதல் இருக்கிறது. புது ரிப்போர்ட் கையில் வந்ததும் அதை முன்வைத்து இரண்டு பத்தி எழுதினால் படிப்பார்கள். ஆண்டுக்கு நாலைந்து மெயில் போதும். இரண்டு கூட்டத்தையும் ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள். மொத்த விலைக்காரருக்குச் சில்லறைத் தள்ளுபடி மெயில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடியாத்தம்_லுங்கி:

அது மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மொத்த விலையைச் சில்லறை ஆளுக்குக் காட்டினால் தொழிலே போச்சு. வாட்ஸ்அப்பிலும் இரண்டு பட்டியல்தான் வைத்திருக்கிறேன்.

ஆம்பூர்_பெல்ட்:

இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். துணை டொமைன் முதலில். பையர்கள் 250 பேருக்கு பிரெவோ இலவசத்தில் ஒரே நாளில். வாங்கிய 1,400 பேரில் கடைசி இரண்டு வருஷத்தில் வாங்கியவர்களுக்கு முதலில், ஒரு நாளைக்கு 300 வீதம். தீபாவளி மாதம் கட்டணத் திட்டம். கார்டுகள் அக்கா சொன்னபடி ஒவ்வொன்றாக. ஜோஹோவை ஆடிட்டர் சார் சொன்ன காரணத்துக்காக மனதில் வைத்திருக்கிறேன். மாதாமாதம் அனுப்பும் நிலை வந்தால் மாறிக்கொள்வேன்.

காட்பாடி_கணினி:

மாறலாம், பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றினால் முடிந்தது. ஆனால் விலகியவர்கள் பட்டியலையும் கூடவே எடுத்துப் போய் அங்கே 'அனுப்பாதே' பகுதியில் ஏற்றுங்கள். அதை விட்டுவிட்டால் ஏற்கெனவே வேண்டாம் என்றவருக்கே திரும்ப மெயில் போகும்.

சத்துவாச்சாரி_ஆடிட்டர்:

கட்டணத் திட்டத்துக்குப் போகும் மாதம் எனக்கு, அல்லது உங்கள் ஆடிட்டருக்கு, அந்த பில்லின் பிடிஎஃப் வந்துவிட வேண்டும். வருஷக் கடைசியில் கார்டு ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

ஆம்பூர்_பெல்ட்:

சரி சார். டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்துவிட்டேன். எஸ்பிஎஃப் ஏற்கெனவே இரண்டு வரி இருக்கிறது, இணையதளம் செய்து கொடுத்தவர் போட்டிருப்பார் போல.

காட்பாடி_கணினி:

அப்படியென்றால் உங்கள் இன்வாய்ஸ் மெயிலின் எஸ்பிஎஃப் இன்றைக்கே தேறவில்லை. ஆஃபரை விடுங்கள், முதலில் இதைச் சரி செய்யுங்கள். இரண்டு வரியையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒன்றாக்கித் தருகிறேன்.